நாலு அறைக்கு ஒரே பெட்டி

அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் மின்சாரம் அளக்கும் உள்ளங்கையளவு மல்டிமீட்டர் ஒன்றை வைத்திருப்பார். அதன் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் எந்நேரமும் பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினால் கடைக்காரரின் கண்ணெதிரிலேயே அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் கையோடு எடுத்துக்கொள்வார். "டாக்டர் வந்துட்டாரு, எல்லா செல்லும் நாக்க நீட்டுங்க" என்று கடைக்காரர் சொல்வார். மீட்டர் சிரிக்கமாட்டார். அளவு சரியாக இருந்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு பெரிய வணிக வளாகத்தில் பதினெட்டு வருடமாக மின்பராமரிப்பு வேலை. விடுமுறை நாட்களில் தெரிந்தவர்கள் வீட்டில் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பார். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதலில் புறங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்ப்பது வழக்கம், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. இயந்திரம் என்றால் அவரிடம் ஒளிவுமறைவு கிடையாது; எது கோளாறோ அதைப் பட்டென்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம், அதிலும் சொந்தக்காரர்களிடம், அந்தப் பட்டென்ற பேச்சு தொண்டையைத் தாண்டி வராது. "பாக்கலாம்" என்பார். "ஆச்சு" என்பார். அவ்வளவுதான்.

அவர் மனைவி இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் ஊரில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவர். இங்கே வந்தபிறகு ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் நின்றார். எந்த வார்டில் வேலை பார்க்க வேண்டியவரோ அந்த வார்டின் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து அடுக்கினார். நர்ஸ் வேலைக்குத் திரும்ப இந்த நாட்டு மொழித் தேர்வு ஒன்று குறுக்கே நின்றது. படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டார். கேட்பதில் மட்டும் இரண்டு முறை மயிரிழையில் போயிற்று. நாள் முழுக்க சலவை இயந்திரங்களின் இரைச்சலில் நிற்கிற காதுக்கு, ஒரே ஒருமுறை ஓடும் ஒலிப்பதிவு வாலைக் காட்டிவிட்டுப் போய்விடும். இது மூன்றாவது முறை. இதற்குமேல் எழுத விடமாட்டார்கள். அதோடு, அவருடைய பழைய நர்ஸ் பதிவு செல்லுபடியாவதும் அந்த வருட இறுதிவரைதான். இந்தத் தேர்வு போனால் பதினோரு வருட அனுபவமும் வெறும் காகிதம்.

ஆறு மாதமாக வீட்டில் பயிற்சி ஒலிப்பதிவுகள் ஓடாத நேரமில்லை. அடுப்படியில் ஓடும், துணி காயப்போடும்போது ஓடும். கேட்டுக் கேட்டு மீட்டருக்கே அந்த அறிவிப்பாளர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது மனப்பாடம். தேர்வு மூன்று பகுதி. இரண்டாவது பகுதி முடிந்ததும் மூன்றாவது பகுதியின் கேள்விகளைப் படித்துக்கொள்ள மூன்று நிமிடம் மௌனம். எந்தப் பதிவானாலும் அந்த மௌனம் இருபத்தொன்றாவது நிமிடத்தில் தொடங்கும். மீட்டர் அதையும் அளந்து வைத்திருந்தார். கிண்டல் செய்வதுபோல் மனைவி கேட்டதுண்டு: "ஏங்க, யாரும் பேசாம இருக்கறதையுமா அளப்பீங்க?"

"மூணு நிமிஷம் சரியா இருக்கு" என்றார் அவர்.

மீட்டரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். நாலு அறை, நீளமான ஒரு வராந்தா, அது திரும்பும் கோடியில் ஒரு சாமான் அறை. அந்த வருடம்தான் முதல்முறையாக அவருடைய இடத்தைத் தேர்வு மையமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரியத்திலிருந்து மேற்பார்வையாளர் வருவார், முத்திரையிட்ட உறையில் ஒலிப்பதிவு வரும். இடமும் சத்தமும்தான் மச்சான் பொறுப்பு. அங்கே தங்கையும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. மற்ற மையங்களில் இடமில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் தன் வீட்டுக் கூடத்திலிருந்த ஹோம் தியேட்டர் ரிசீவரை, ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டியை, தூக்கி வந்து சாமான் அறை மேசையில் வைத்தார். அறைக்கு ஒரு ஜோடி வீதம் நாலு ஜோடி ஸ்பீக்கர். நாலு அறையின் கம்பிகளும் வராந்தா கூரையோரமாக ஓடி இந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்தன.

"மாப்பிள்ளை, இது ஏழு சேனல். ஏழு ரூமுக்கே தாங்கும். நமக்கு நாலுதானே" என்றார் மச்சான். அவர் குரலில் சொந்தப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லும் பெருமை.

மீட்டர் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஏழு சேனல் என்பது ஒரே அறையில் ஏழு மூலையிலிருந்து ஏழு விதமான சத்தம் வருவதற்கு. ஒரே பேச்சைப் பல அறைக்கு அனுப்ப அதில் இருந்தது ஏ, பி என்று இரண்டே வழி. வழிக்கு ஒரு ஜோடி. நாலு ஜோடியையும் நேராக மாட்டினால் பெட்டிக்கு அது நாலு ஆள் ஒரே நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் எட்டு ஓம் தடை காட்டும். பக்கம் பக்கமாகச் சேர்க்கச் சேர்க்க அந்தத் தடை குறைந்து, நாலு சேர்ந்தால் இரண்டாகிவிடும். தடை குறைந்தால் மின்சாரம் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும், பெட்டி கொதிக்கும், ஒரு கட்டத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். ஆறும்வரை திறக்காது.

"தாங்குமா, தாங்காதா? சொல்லுங்க மாப்பிள்ளை."

"பாக்கலாம் மச்சான்."

அவர் செய்த வழி வேறு. ஒன்றாம் அறையையும் இரண்டாம் அறையையும், கம்பிகளைத் திருகி இணைக்கும் சின்னக் கனெக்டர்களால், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஏ வழியில் மாட்டினார். மூன்றையும் நாலையும் அதேபோல் கோத்து பி வழியில். இப்படிக் கோத்தால் தடை கூடி வழிக்குப் பதினாறு ஓம்; இரண்டு வழியும் சேர்ந்து பெட்டிக்கு எட்டு ஓம் தெரியும். நாலு நாள் ஓடினாலும் சூடாகாது. இதில் இரண்டு குறை. சத்தம் கொஞ்சம் குறையும், அதனால் வால்யூமை ஏற்றி வைக்க வேண்டும். ஒரு அறையில் கம்பி விட்டால் அதன் ஜோடி அறையும் சேர்ந்து ஊமையாகும். ஒவ்வொரு கம்பிக்கும் எண் எழுதி டேப் ஒட்டினார். பெட்டியின் தலையில் இன்னொரு டேப் ஒட்டி, 'வால்யூம் 24' என்று எழுதினார். இவ்வளவையும் மச்சானிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்கள் பெட்டி நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை என்று சொன்னதாகிவிடுமே என்று ஒரு தயக்கம்.

"ஆச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கே வந்துவிட்டார். ஆனால் சாமான் அறையைப் பூட்டி சாவியை மேற்பார்வையாளர் வைத்திருந்தார். கண்ணாடி போட்ட, குதிகால் சத்தம் கேட்காமல் நடக்கிற அம்மா. ஏழரைக்கே மச்சானோடு சேர்ந்து ஒலியைச் சோதித்துப் பார்த்தாயிற்று, பிரமாதமாக இருக்கிறது, தேர்வு தொடங்கும்போதுதான் அறையைத் திறப்பேன் என்றார். மச்சான் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, தங்கை எழுதும்போது மையத்தின் உரிமையாளர் அங்கே நிற்கக்கூடாது என்ற விதிப்படி கீழே கடைக்கு இறங்கிப் போனார்.

மனைவி நாலாம் அறைக்குள் போகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"எறங்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர் சாமான் அறையைத் திறந்து, ஒலிக்கருவி பார்க்கும் ஆள் என்று மீட்டரை மட்டும் உள்ளே விட்டார். விதியை விரல் மடக்கிச் சொன்னார். ஒலிப்பதிவு ஓடத் தொடங்கியபின் நிறுத்தக்கூடாது, பேச்சின் நடுவே சத்தத்தை ஏற்றி இறக்கவும் கூடாது. ஓர் அறையில் சத்தம் நின்றாலும் நாலு அறையின் தேர்வும் ரத்து. மறுதேர்வு அடுத்த வருடம்தான். சொல்லிவிட்டு உறையைக் கிழித்து, சிடி வட்டை பிளேயரில் போட்டு, தன் விரலாலேயே பொத்தானை அழுத்தினார்.

அறிவிப்பாளரின் குரல் நாலு அறையிலும் கணீரென்று எழுந்தது. மீட்டருக்கு அந்தக் கணீரே பிடிக்கவில்லை. அவர் விட்டுப்போன சத்தம் இதைவிட மட்டு. ரிசீவரைப் பார்த்தார். அதன்மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி ஒன்று விரித்திருந்தது. மச்சானின் மனைவி வீட்டில் டிவி, மிக்ஸி, பிரிண்டர் எதையும் துணி போர்த்தாமல் விடமாட்டார். பெட்டியோடு துணியும் வந்துவிட்டது போலிருக்கிறது. காற்று போகும் துளைகள், அவர் ஒட்டிய டேப் எல்லாம் அதற்கு அடியில். துணியை உருவினார். முகப்பு எண் முப்பது காட்டியது. இருபத்து நாலுக்குமேல் ஆறு கூட்டியதற்கு மட்டும் அவருடைய கோர்ப்பு இவ்வளவு கத்தாதே.

பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

அவர் கோத்திருந்த கோர்ப்பு எதுவும் இல்லை. சிவப்புக் கம்பிகள் எல்லாம் ஒரு முறுக்கு, கறுப்புக் கம்பிகள் எல்லாம் ஒரு முறுக்கு. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று ஏ வழியின் வாயில் திணித்திருந்தது. நாலு ஜோடியும் ஒரே வழியில். பெட்டிக்கு இரண்டு ஓம். அவருடைய கனெக்டர்கள் மேசை ஓரத்தில் ஒரு மூடியில் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

புறங்கையை வைத்தார். ஏழாவது நிமிடம். இளஞ்சூடு தாண்டியிருந்தது.

மேசையிலிருந்த அட்டையை எடுத்து பெட்டிக்கு விசிறத் தொடங்கினார். வாசலில் நின்ற மேற்பார்வையாளர் புருவத்தை உயர்த்தினார். மீட்டர் விசிறுவதை நிறுத்தவில்லை. பத்தாவது நிமிடம் புறங்கையை ஐந்து எண்ணும்வரை வைக்க முடிந்தது. பதினான்கில் மூன்று எண்ணும்வரை. ஒலிப்பதிவு மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம். கணக்கு போட வேண்டிய அவசியமே இல்லை. இது முப்பதைக்கூடப் பார்க்காது. மூன்றாம் பகுதியில்தான் அவர் மனைவி இரண்டு முறையும் சறுக்கியது. அந்தப் பகுதியின் நடுவில்தான் பெட்டி வாயை மூடப்போகிறது.

பிளேயரின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதினைந்து. பதினாறு. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இருபத்தொன்று.

யாரிடமும் பட்டென்று சொல்லிப் பழகாதவர் வாசலுக்குப் போய் மேற்பார்வையாளரிடம், இந்த நாட்டு மொழியில் தனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, பட்டென்று சொன்னார். பெட்டி நிற்கப் போகிறது. முப்பது நிமிடம்கூட ஓடாது. இருபத்தொன்றில் வருகிற மௌனத்தில் ரிசீவரை மட்டும் அணைத்துக் கம்பியை மாற்ற விடுங்கள். பிளேயர் அதுபாட்டுக்கு ஓடட்டும்.

அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அருகில் வந்து, மீட்டர் செய்ததுபோலவே புறங்கையை அதன்மேல் வைத்து, சடக்கென்று எடுத்துக்கொண்டார். சத்தம் நிற்கக்கூடாது என்பதுதான் விதி என்றார். பிளேயரின் எண்ணைப் பார்த்துவிட்டு, மௌனத்தில் நிற்பதற்குச் சத்தம் இல்லையே என்றார். பிறகு கதவுக்கு வெளியே போய் அறைகளின் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டார்.

மீட்டர் கனெக்டர்களை வரிசையாக வைத்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டார். எட்டு ஸ்பீக்கரையும் மாற்றி மாட்ட மூன்று நிமிடம் போதாது. அறைக்கு இடப்பக்க ஸ்பீக்கர் ஒன்று பேசினால் போதும், வலது பக்கம் சும்மா கிடக்கட்டும் என்று முடிவு செய்தார். மனைவி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

அறிவிப்பாளர் மூச்சு வாங்கினார். இரண்டாம் பகுதி முடிந்தது.

ரிசீவரை அணைத்தார். முகப்பு இருண்டது. வலப்பக்க முறுக்கை அப்படியே பிடுங்கிப் போட்டார். இடப்பக்க முறுக்கு இறுகிக் கிடந்தது. பிரிக்கும்போது மெல்லிய இழைகள் நகக்கண்ணில் குத்தின. நாற்பது விநாடி அதற்கே போயிற்று. டேப் எண்கள் நல்ல வேளையாக அப்படியே இருந்தன. ஒன்றின் சிவப்பு ஏ வழிக்கு. ஒன்றின் கறுப்பும் இரண்டின் சிவப்பும் ஒரு கனெக்டருக்குள். இரண்டின் கறுப்பு மறுபடி ஏ வழிக்கு. எண்பது விநாடி. அடுத்து மூன்றும் நாலும், அதே மாதிரி பி வழிக்கு. உள்ளங்கை வியர்த்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. நூற்று இருபது.

சட்டைப் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து ஏ வழியில் வைத்தார். பன்னிரண்டு. பதினாறு ஓம் கோர்ப்பு மல்டிமீட்டரில் அவ்வளவுதான் காட்டும், சரி. பி வழியில் வைத்தார்.

ஒன்றுமே காட்டவில்லை.

மூன்றையும் நாலையும் கோத்த வழி எங்கோ அறுந்திருந்தது. நூற்று முப்பத்தைந்து. கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நாலாம் அறையின் சிவப்புக் கம்பி கனெக்டருக்குள் நுழைந்தது போல் பாவனை காட்டிவிட்டு வெளியே நின்றிருந்தது. அதை நுழைத்து இறுக்கினார். மறுபடி அளந்தார். பன்னிரண்டரை. நூற்று ஐம்பத்தெட்டு.

பொத்தானை அழுத்தினார். பெட்டி உடனே விழித்துக்கொள்ளவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. இன்னும் கொதிக்கிறதென்று அடம்பிடித்தால் கதை முடிந்தது. நாலு, ஐந்து. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். முகப்பில் எண் எரிந்தது. ஏ, பி இரண்டையும் திறந்து வைத்தார். வால்யூமை இருபத்து நாலுக்குக் கொண்டுவந்தார்; ஒற்றை ஸ்பீக்கர்தானே என்று இன்னும் இரண்டு கூட்டினார்.

அதன்பின் செய்வதற்கு எதுவுமில்லை. மௌனத்தில் கடைசிப் பத்து விநாடி இருந்தது. அந்தப் பத்து விநாடிபோல் அவர் வாழ்க்கையில் எதையும் அளந்ததில்லை.

குரல் வந்தது. மூன்றாம் பகுதி.

சாமான் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் அறை, அங்கே கேட்டது. வராந்தாவின் மறு கோடியிலிருந்து ஒன்றாம் அறையும் லேசாகக் கேட்டது. நாலாம் அறை மட்டும் வராந்தா திரும்பும் மூலைக்கு அப்பால். அங்கே கேட்கிறதா என்று போய்ப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றும் நாலும் ஒரே கோர்ப்பு. நாலாம் அறை வழியாகப் போய்த் திரும்பாமல் மூன்றாம் அறைக்கு ஒரு முனகல்கூட வராது. மூன்று பேசுகிறதென்றால் நாலும் பேசுகிறது. சுவருக்கு அப்பால் யாரோ முன்பின் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்த குரலை, மனைவிக்குக் கேட்கும் குரலாக எண்ணி, கடைசிச் சொல்வரை காதை எடுக்காமல் நின்றார்.

முடிந்தபோது புறங்கையை வைத்துப் பார்த்தார். பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வட்டை எடுத்து உறையில் போட்டு, படிவத்தில் ஏதோ எழுதினார். இடையூறு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்ததை மீட்டர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

மனைவி வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். மச்சான் படியேறி வந்து நின்றார். மேசைமேல் பிடுங்கிப் போட்டிருந்த கம்பி முறுக்கைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"என்ன மாப்பிள்ளை, மாத்திட்டீங்க?"

"நீங்களா மச்சான் முறுக்கினது?"

"நேத்து நீங்க போனப்புறம் போட்டுப் பாத்தேன். சத்தம் கம்மியா இருந்துச்சு. பாத்தா ஒரு ரூம் கம்பி இன்னொரு ரூம் கம்பியில தொங்குது. ஏதோ அவசரத்துல பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு போலன்னு நானே..."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"எப்பிடிப் பண்றது? பஸ்ல போயிட்டிருப்பீங்க. வீட்டு மாப்பிள்ளைய நடுவழியில எறக்கி, நீங்க செஞ்சது சரியில்ல, திரும்பி வாங்கன்னு சொல்றதா? ஒரு மரியாதை வேணாம்?"

மீட்டர் மீதிக் கனெக்டர்களை எடுத்து மூடியில் போட்டார். அவர் மனைவி பாட்டிலை மூடினார்.

"நல்லா இருக்கு. அவரு மரியாதைக்கு வெளக்கம் சொல்லல, நீ மரியாதைக்குக் கேக்கல. ரெண்டு பேரும் மரியாதை பாத்து என் தலையில கல்லப் போடப் பாத்தீங்க."

"எழுதினியா தங்கச்சி?" என்றார் மச்சான்.

"எழுதினேன்." பிறகு கணவரைப் பார்த்தார். "கேள்விய படிச்சுட்டிருக்கும்போது ஸ்பீக்கர்ல டிக்னு ஒண்ணு கேட்டுச்சு. ரூமே நிமிந்து பாத்துச்சு. நான் மட்டும் பாக்கல. வீட்டுல எத்தன வாட்டி கேட்டிருப்பேன், இவரு எதையோ கழட்டி மாட்டறாருன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, இவரு இருக்காருன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

"எந்தப் பக்கம் உக்காந்திருந்தே?" என்று கேட்டார் மீட்டர்.

"எடது பக்கம். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டு, மேசையோரம் இருவரையும் உட்காரச் சொல்லி, எட்டு ஓமிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் இடையில் இரண்டு முறை "அப்ப ஏழு சேனல்?" என்று கேட்டார். அதற்கும் சொன்னார்.

முடிவு ஏழு வாரம் கழித்து வந்தது. கேட்கும் பகுதியில் தேவைக்குமேல் மூன்றே புள்ளி. அவர் மனைவி இப்போது நாலாவது மாடி வார்டில் இருக்கிறார். விரிப்பை யாராவது கோணலாக மடித்திருந்தால் பிரித்து மறுபடி மடித்துவிட்டுத்தான் போடுவாராம்.

மச்சானின் ரிசீவர் அவர் வீட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. சென்டருக்கென்று தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதை மாட்டிய அன்று மீட்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது.

"மாப்பிள்ளை, மூணாவது ரூம்ல சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. நீங்க செஞ்சது சரியில்ல. வாங்க" என்றார் மச்சான். அந்த மூன்று வாக்கியத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

மீட்டர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.